நிமிடத்துக்கு 45: நெடுந்தூர ஓட்டக்காரரின் இதயம்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூர் தித்திவங்சா ஏரியைச் சுற்றி விடிகாலையில் ஓடுகிறவர்கள் பலர் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். ஓய்வுத் துடிப்பு 45 என்று காட்டினால் ஓடுகிறவருக்குப் பெருமை, வீட்டில் அம்மாவுக்குப் பயம். இரண்டும் அவசரப்பட்ட முடிவுதான்.

முதலில் துடிப்பைச் சரியாக எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் நான்கு பிசகும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைந்து, விடும்போது மெதுவானால் அது கோளாறு அல்ல.

ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் போதும். பயிற்சி இல்லாத இதயம் ஒரு துடிப்பில் 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. அதனால் 70 முறை துடிக்கிறது. பல ஆண்டு கடுமையாக ஓடியவரின் இதயம் 110 தள்ளினால், 45 துடிப்பிலேயே வேலை முடிந்துவிடும். உச்சத் துடிப்பு பயிற்சியால் கூடுவதில்லை. ஆனாலும் முழு வேகத்தில் சாதாரண ஆள் நிமிடத்துக்கு 20 லிட்டரோடு நிற்க, உலகத் தர வீரர் 35ஐத் தொடுவார்.

பயிற்சியால் ரத்தத்தின் அளவு கூடுகிறது. கால் தசைகள் பிழிந்து அனுப்பும் ரத்தம் மணிக்கணக்கில் இதயத்தின் இடது கீழறையை நிரப்பி விரிக்கிறது. அந்த அறையின் தசை இழைகள் நீள்கின்றன, சுவரும் அதற்கேற்பச் சற்றுத் தடிக்கிறது. சுவீடன் மருத்துவர் ஹென்ஷென் 1899இல் பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தே இதயம் பெருத்திருப்பதைச் சொல்லிவிட்டார்.

நம் ஊர் வெயிலில் ஒரு ஏமாற்று உண்டு. பத்து மணி வெயிலில் ஓடினால் துடிப்பு எகிறும். பயிற்சி பலமாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அறை நிரம்புவதும் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. ஆறு மணி ஓட்டமே மேல்.

ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் கீழறைச் சுவரின் தடிப்பு பொதுவாக 11 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 13 முதல் 15 வரை வந்தால் குழப்பம்: பயிற்சியா, இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோயா? அறையும் விரிந்திருந்தால் பயிற்சியின் பக்கம் சாயலாம். அறை சிறுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். தெளியாவிட்டால் மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தி மறுபடி அளப்பார்கள். வீரருக்கு அது வேம்பு. பயிற்சியால் வந்த தடிப்பென்றால் குறையும். வாரம் மூன்று நாள் அரைமணி ஓடுகிறவர் மட்டும், "எனக்கு வீரர் இதயம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்த அளவு ஓட்டத்துக்குச் சுவர் அவ்வளவு தடிக்காது.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் கண் இருட்டினால், பெரும்பாலும் ரத்தம் கால்களில் தேங்கியதுதான்; உடனே நிற்காமல் சில நிமிடம் நடங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்டக் காலணியை எடுக்க வேண்டாம்.