பரண்ல கிடந்த வால்வு ரேடியோ: எடுத்ததும் பிளக்ல சொருகாதீங்க!

வணக்கம் மக்களே! கொடைக்கானல்ல காலையிலயே மூட்டம் இறங்கிடுச்சு, அதான் லைட் போட்டு எடுக்கறேன். மேஜையில இருக்கறது அஞ்சு வால்வு ரேடியோ செட். வால்வுன்னா டிரான்சிஸ்டருக்கு முன்னாடி இருந்த கண்ணாடிக் குழாய். நாயுடுபுரத்துல ஒரு தாத்தா வீட்டுப் பரண்ல கிடந்தது. நாப்பது வருஷத்துக்கு மேல கரண்ட்டையே பாக்கல.

வந்து பாக்கறவங்க எல்லாரும் "சொருகிப் பாத்தீங்களா?"ன்னுதான் கேக்கறாங்க. சொருகவே கூடாதுங்க. பரண்ல தப்பிச்ச செட்டெல்லாம் அந்த முதல் நிமிஷத்துலதான் போகுது.

இந்த அலுமினிய டப்பாவைப் பாருங்க, டிசியைச் சீராக்கற ஃபில்டர் கண்டன்சர். உள்ள அலுமினியத் தகடு மேல மெல்லிசா ஒரு ஆக்ஸைடு படலம், அதுதான் இன்சுலேஷன். வருஷக்கணக்கா வோல்டேஜ் இல்லாம கிடந்தா அது கெட்டுப்போயிடும். திடீர்னு 250 வோல்ட் டிசி ஏறினா டப்பா சூடாகி வெடிக்கும். போறப்ப ஏசியை டிசியா மாத்தற ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடும். வால்வாவது தேடினா கிடைக்கும், இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்க போறது?

வேரியாக்ல, அதாவது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல, மெதுவா ஏத்தினா போதும்பாங்க. இதுக்கு அது சரிப்படாது. ரெக்டிஃபையர் வால்வு ஈஇசட்80, அதை உள்ளிருந்து சூடாக்கற ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேணும். வோல்டேஜ் ரொம்பக் குறைவா இருந்தா அது சூடே ஆகாது, டிசியும் வராது. அதனால கண்டன்சரைத் தனியா கழட்டி, பவர் சப்ளைல இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். மீட்டரைப் பாருங்க... லீக்கேஜ், அதாவது கசியற கரண்ட், இறங்குது, இறங்குது! படலம் திரும்ப உருவாகுது மக்களே. இதைப் பாக்கற சந்தோஷம் சொல்லி மாளாது.

பழசைப் பொறுமையா எழுப்பறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்துல 1951ல ஓட ஆரம்பிச்ச ஹார்வெல் டெக்கட்ரான் கம்ப்யூட்டர், எண்களை எண்ணற 828 டெக்கட்ரான் குழாய் உள்ளது. கிடங்குல கிடந்ததை பிளெட்ச்லி பார்க்ல இருக்கற கம்ப்யூட்டர் மியூசியத்துல சீர் பண்ணி, 2012ல மறுபடி ஓட வச்சாங்க. அத்தனை குழாய்க்கே அவங்க பொறுமையா இருந்தாங்க. அஞ்சு வால்வுக்கு நமக்கு என்ன அவசரம்?

மெழுகு பூசின பேப்பர் கண்டன்சருக்கு மட்டும் நான் இரக்கமே காட்ட மாட்டேன், மாத்திடுவேன். மலை ஈரம் மெழுகைத் தாண்டி உள்ள இறங்கியிருக்கும். முக்கியமா ஸ்பீக்கரை ஓட்டற ஈஎல்84 வால்வோட கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தற கம்பி வலைக்கு, போற இது. லீக் ஆச்சுன்னா கிரிட்ல பாசிட்டிவ் ஏறி, வால்வுக்குள்ள கரண்ட் அதிகமாகி, ஆனோடு தகடு செக்கச்செவேல்னு ஆயிடும். புதுசு போட்டாச்சு, பழைய மெழுகுக் கூட்டுக்குள்ளயே.

சரி, நேரா பிளக்ல இல்லாம சீரிஸ் பல்பு போர்டுல சொருகறேன், கரண்ட் ஒரு பல்பு வழியாத்தான் செட்டுக்குப் போகும். பல்பு பளிச்னு எரிஞ்சு மங்கணும். மங்கலன்னா ஷார்ட், உடனே ஆஃப் பண்ணணும்... மங்கிடுச்சு! ஹீட்டர் அஞ்சும் சிவக்குது. இது ஏஎம் செட்டு, கொடை எஃப்எம் இதுல வராது. டயலை 936 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பறேன்... கேக்குதா? திருச்சி வானொலி!

ஷார்ட்வேவ் பக்கம் இன்னும் ஊமைதான், பேண்ட் சுவிட்ச்ல களிம்பு. அதை அடுத்த வீடியோல கழட்டறேன்.