பந்து பொறுக்க ஆள் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு கதை வந்திருக்கும். அமெரிக்காவில் ஓர் ஓட்டப்பந்தயம். அறிவுசார் குறைபாடு உள்ள ஒன்பது பேர் ஓடுகிறார்கள். ஒருவர் தடுக்கி விழுகிறார். மற்ற எட்டுப் பேரும் திரும்பி வந்து அவரைத் தூக்கிவிட்டு, எல்லோரும் கைகோத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டுகிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. கீழே ஒரு நீதி, இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள்.

நடந்தது அவ்வளவு இல்லை. 1976ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் நடந்த போட்டியில் ஒருவர் விழுந்தது உண்மை. ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்து உதவியதும் உண்மை. மற்றவர்கள் பாட்டுக்கு ஓடிப்போய் முடித்தார்கள். எனக்கு அந்த மற்றவர்களையும் பிடிக்கும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஜெயிக்க வேண்டும் என்று வந்தவர்கள். ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர் ஓடுவதில் என்ன குறை? அந்தக் கதையை உருகி உருகி அனுப்புகிற நமக்கு இவர்கள் மகான்களாக இருந்தால்தான் பிடிக்கிறது, விளையாட்டு வீரர்களாக இருந்தால் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நான் பயிற்சியாளர் இல்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். வார இறுதியில் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மைதானத்தில் சிறப்புப் பள்ளி ஒன்றின் வீரர்களுக்கு உதவப் போகிறேன். கோடு போடுவேன், ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன், எறிகிற பந்தைப் பொறுக்கி வந்து கொடுப்பேன். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. நம்மூரில் சிறப்புப் பள்ளிகளில் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மா திதிக்கும் சாப்பாடு போட முன்பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று பிஸ்கட் பாக்கெட்டோடு வண்டி வண்டியாக வருகிறார்கள். எல்லாம் நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சாம்பாரும் வடையும் போட வருகிறவர்களில் பத்தில் ஒருவர் பந்து பொறுக்க வந்தால்கூட எங்கள் பாடு திண்டாட்டமில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்ற இந்த விளையாட்டு இயக்கமே தொண்டர்களை வைத்துத் தொடங்கியதுதான். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941ல், ரோஸ்மேரிக்கு இருபத்து மூன்று வயதில், அப்பா ஏற்பாடு செய்த மூளை அறுவை சிகிச்சை அவருடைய பேச்சையும் நடையையும் சிதைத்துவிட்டது. மிச்ச வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு இல்லத்தில் கழிந்தது. 1962 கோடையில் யூனிஸ் மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தையே முகாமாக்கி, இப்படிப்பட்ட குழந்தைகளை அழைத்து நீச்சலும் பந்தாட்டமும் சொல்லிக்கொடுத்தார். பள்ளி, கல்லூரி மாணவர்களைத் தொண்டர்களாகப் பிடித்துவந்தார். ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு ஒருவர்.

அதே காலத்தில் ஃபிராங்க் ஹேடன் என்ற கனடா நாட்டு ஆய்வாளர், இந்தக் குழந்தைகள் உடல் வலுவில்லாமல் இருப்பதற்குக் குறைபாடு காரணமில்லை, யாரும் விளையாட விடாததுதான் காரணம் என்று கண்டு சொன்னார். சிகாகோவில் பூங்கா நிர்வாகத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஆன் பர்க், நகர அளவில் ஒரு போட்டி நடத்தலாமே என்று யோசனை கொண்டுவந்தார். பின்னாளில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியானவர் இவர். 1968 ஜூலை 20ஆம் தேதி சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை, அவ்வளவு பெரிய காலரி ஏறக்குறைய காலியாகக் கிடந்தது.

2023 ஜூனில் பெர்லினில் நடந்த உலகப் போட்டிக்கு ஏழாயிரம் வீரர்கள் வந்தார்கள். இந்திய அணி 76 தங்கத்தோடு 202 பதக்கம் கொண்டுவந்தது. நம் பத்திரிகைகளில் அது எத்தனாம் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பாருங்கள்.

பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாராலிம்பிக்ஸில் உச்ச நிலை வீரர்கள் மட்டும் போட்டியிடுகிறார்கள். அதிலும் அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு பிரிவு உண்டு. 2000ல் சிட்னியில் தங்கம் வாங்கிய ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது தெரியவந்து, அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். யாரோ செய்த திருட்டுக்கு 2012 லண்டன் போட்டி வரை நிஜமான வீரர்கள் வெளியே நின்றார்கள். மறுபடி திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் 2024 பாரிஸில் நம் தீப்தி ஜீவன்ஜி 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். சின்ன வயதில் ஊரார் அவரைக் கேலி பேசியதை அவருடைய குடும்பமே பேட்டிகளில் சொல்லியிருக்கிறது.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் எட்டு வயது நிரம்பிய யாரும் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. பிறகு எப்படி நியாயமான போட்டி என்று கேட்பீர்கள். அங்கேதான் என் ஸ்டாப்வாட்ச்சுக்கு வேலை. முதலில் ஒரு முன்னோட்டம் நடக்கும். யாரையும் வெளியேற்றுவதற்காக அல்ல, யார் எவ்வளவு வேகம் என்று பார்க்க. வயது, ஆண் பெண், வேகம் மூன்றையும் வைத்துக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறவர்களை மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவில் மிக வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் இடையில் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது வழிகாட்டி. நூறு மீட்டரை 15 விநாடியில் ஓடுகிறவருக்கும் தங்கம் உண்டு, 40 விநாடியில் ஓடுகிறவருக்கும் உண்டு. இரண்டு தங்கத்துக்கும் பக்கத்திலேயே மூச்சு வாங்க ஒருவர் துரத்திக்கொண்டு வந்திருப்பார்.

நம் ஆட்கள் இதிலும் தந்திரம் செய்வார்கள். முன்னோட்டத்தில் மெதுவாக ஓடு, லேசான குழுவில் போடுவார்கள் என்று மகனின் காதில் ஓதிய அப்பா ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் விதி இருக்கிறது. முன்னோட்டத்தைவிட இறுதியில் 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் தகுதி நீக்கம் செய்யலாம். ஆகவே ஸ்டாப்வாட்ச்சை அரை விநாடி தாமதமாக அழுத்துகிற தொண்டர் ஒருவருடைய மெடலோடு விளையாடுகிறார் என்று அர்த்தம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒரு சொல், அதுதான் முதல் பாடம். ‘கோட்டுக்குப் பின்னால் நின்று, விசிலடித்ததும், கையை வீசி ஓடு’ என்றால் நான்கு கட்டளை. ‘கோட்டுக்கு வா’ என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். நமக்குத்தான் பொறுக்காது. இரண்டு விநாடியில் அதையே வேறு வார்த்தையில் சொல்வோம், பிறகு தோளைப் பிடித்துத் தள்ளுவோம். முதலில் சொல், புரியவில்லையா, செய்து காட்டு, அதற்கும் வரவில்லை என்றால் மட்டும் கையைத் தொட்டுக் காட்டு என்பதுதான் வரிசை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி நின்று பாருங்கள்.

எங்கள் ஓட்டக்காரர் ஒருவர் எல்லைக்கோட்டுக்கு வந்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார். பின்னால் வந்தவர் நெஞ்சைக் கொடுத்து முந்திப் போய்விடுவார். கோடு வரை ஓடு என்று நாம் சொன்னோம், அவர் கோடு வரைதான் ஓடினார். அவர் பக்கம் தப்பே இல்லை. பி.டி. சார் ஒன்றும் பேசவில்லை. கோட்டைத் தாண்டிப் பத்து மீட்டர் தள்ளி என்னை நிறுத்தி, உள்ளங்கையை விரித்து நீட்டச் சொன்னார். ‘சாரின் கையில் அடி’ என்பதுதான் புதுக் கட்டளை. அந்த அடி என் தோள்பட்டை வரை ஏறும். இப்போதெல்லாம் கோடு அவர் கண்ணிலேயே படுவதில்லை.

கை என்றதும் இன்னொன்று. ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் ஓடி முடிப்பவரைக் கட்டிப்பிடிக்கவென்றே எல்லைக்கோட்டில் தொண்டர்களை நிறுத்துவார்கள். ‘ஹக்கர்’ என்று அந்த வேலைக்கே பெயர் இருந்தது. பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. முப்பத்தைந்து வயது மனிதரை முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளுவது என்ன மரியாதை? நம்மூரில் இன்னும் நடக்கிறது. ‘பிள்ளைங்க’ என்றுதான் எல்லோரையும் சொல்கிறோம், தலை நரைத்தவரையும் சேர்த்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்குங்கள், போதும்.

போச்சே என்று ஒரு விளையாட்டு. அறுபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு களம். முதலில் ஒரு சின்னப் பந்தை வீச வேண்டும். பிறகு இரு பக்கமும் ஆளுக்கு நான்கு பெரிய பந்துகளை உருட்டி, சின்னப் பந்துக்கு யாருடையது நெருக்கம் என்று பார்ப்பார்கள். ஓட முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்றது. எங்கள் களம் மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் அக்கா, நாற்பது வயதிருக்கும், டேப் வைத்து நான் அளப்பதை நம்பவே மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து அடி அடியாகத் தானே அளப்பார். முடிவு எதிராக வந்தால் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஐ.பி.எல். அம்பயர்கூட அப்படி ஒரு பார்வை வாங்கியிருக்க மாட்டார். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு இவரைப் போன்றவர்களுக்கு வீடு, டி.வி., ஜன்னல் என்று நாள் போய்விடும். சண்டை போடவாவது வாரத்துக்கு ஒரு நாள் ஓரிடம் வேண்டாமா?

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் சிலர் உண்டு. ஒரு பையன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன், திடீரென்று உட்கார்ந்துவிட்டான். அடம் பிடிக்கிறான் என்றார் அம்மா. ஷூவைக் கழற்றினால் உள்ளே, விரல் பக்கம், கடையில் அடைத்து வைத்த காகிதம் அப்படியே இருக்கிறது. ஒரு வாரமாக அதோடுதான் ஓடியிருக்கிறான். அதனால் அடம், பிடிவாதம் என்று தோன்றும்போது முதலில் ஷூவைப் பாருங்கள்.

வலிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர்களும் இருப்பார்கள். யார் யார் என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டு வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. சாவிக்கொத்தைக் கையில் திணிக்க யாராவது ஓடிவருவார், கட்டாயம் வருவார். அவரை அன்போடு அப்பால் அனுப்புங்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் குட்டிக்கரணம் அடிக்கவோ, பட்டர்ஃபிளை நீச்சல் அடிக்கவோ விடக் கூடாது.

இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. யூனிஃபைடு விளையாட்டு என்று பெயர். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவது. ஐவர் கால்பந்தில் மூன்று பேர் அவர்கள், இரண்டு பேர் நீங்கள். தொடர் ஓட்டத்தில் இரண்டுக்கு இரண்டு. நீங்களே பந்தை வைத்துக்கொண்டு கோல் கோலாகப் போட்டால் நடுவர் கூப்பிட்டுக் கண்டிப்பார், ஆதிக்கம் செலுத்துவது அங்கே தவறு. கல்லூரி அணியில் ஆடுகிற பையன்கள் இதற்கு வந்தால் முதல் நாள் திணறிப் போகிறார்கள். எங்கே பாஸ் கொடுக்க வேண்டும் என்று தலையைத் தூக்கிப் பார்த்து ஆட வேண்டியிருக்கிறது. அவர்களுடைய சொந்த ஆட்டமும் அதனால் நன்றாகிறது என்பது என் கணக்கு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 240 மணி நேரக் கணக்குக்காகக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். வரட்டுமே. கையெழுத்து வாங்கின பிறகும் வருகிற ஒன்றிரண்டு பேர்தான் இன்றைக்கு எங்கள் பலம்.

வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். உங்கள் பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரையோ சிறப்புக் கல்வி ஆசிரியரையோ பாருங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பின் மாநிலக் கிளை மூலமாகவும் சேரலாம். அடையாளச் சான்று கேட்பார்கள், பின்னணி விசாரிப்பார்கள். கோபப்படாதீர்கள், விசாரிக்காமல் சேர்த்துக்கொள்கிற இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எந்த வீரரோடும் தனி அறையில் இருக்காதீர்கள். வீட்டார் சம்மதமில்லாமல் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். மாதம் ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளைச் சொல்லிவிட்டு அந்த நாளில் வாருங்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போனால், வாசலைப் பார்த்து ‘அண்ணா எங்கே, அண்ணா எங்கே’ என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்வது நாங்கள்தான்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள். சுண்ணாம்புத் தூள் படும், அதனால் நல்ல பேன்ட் வேண்டாம். பிஸ்கட்டும் வேண்டாம், எங்களிடம் நிறைய இருக்கிறது.

நன்றி, வணக்கம்.