கெங்கேரி வரை பழைய எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

என்னைப் பேச அழைத்தபோது நிலையத்தார் கொடுத்த தலைப்பு, 'உற்சாகம் குன்றாமல் ஜப்பானிய எழுத்துகளைக் கற்பது எப்படி' என்பது. அதில் ஒரு சிறு திருத்தம். உற்சாகம் எனக்கு நன்றாகவே குன்றியது. நடுவில் மூன்று மாதம் பாடத்தின் பக்கமே போகவில்லை. குன்றிய பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எனக்குப் பெங்களூர் அல்சூரில் வீடு. பிடதியில், வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஜப்பானிலிருந்து மரப்பெட்டிகள் வரும். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சிவப்பு மையில் ஒரு வட்ட முத்திரை, அதற்குள் மூன்று எழுத்துகள். ஆறு ஆண்டுகள் அதை வாசற்கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்திருக்கிறேன்.

38ஆம் வயதில் படிக்க ஆரம்பித்தேன். ஹிரகானா, கதகானா என்ற ஒலி எழுத்துகள் தலா 46. தமிழருக்கு அவை பெரிய தொல்லையில்லை. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும் அந்த வரிசையே புத்த பிக்குகள் வழியாக இந்திய எழுத்துமுறையிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்தில் முடித்தேன். அடுத்தது கான்ஜி, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். அம்மாவின் காதில் அது இன்றுவரை கஞ்சிதான்.

அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2136 கான்ஜிகள் இருக்கின்றன. 2010இல் திருத்திய கணக்கு அது. நாளுக்குப் பத்து என்று வகுத்துப் பார்த்தேன். 214 நாள், அதாவது ஏழே மாதம்! வீட்டில் அறிவித்தும் விட்டேன். ஜப்பானியக் குழந்தைக்கே ஒன்றாம் வகுப்பில் 80தான், ஆறாம் வகுப்பு முடிய 1026தான் சொல்லித்தருகிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நாம் ஆரம்ப சூரத்தனம் என்கிறோமே, அதற்கு அவர்கள் ஊரில் 'மிக்கா போஸு' என்று பெயர். மூன்று நாள் துறவி.

என்னை வீழ்த்தியது எழுத்து இல்லை, பாக்கி. கைப்பேசிச் செயலியில் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். இன்று கற்ற எழுத்தை அது நாளை கேட்கும், நான்கு நாள் கழித்துக் கேட்கும், இரண்டு வாரம் கழித்துக் கேட்கும். மறதி எந்த வேகத்தில் வருகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு புதிய எழுத்தும் ஒரு கைமாற்று. நாளுக்குப் பத்து வாங்கினால், சில வாரங்களில் நாளுக்கு எண்பது, தொண்ணூறு என்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆம்பூரில் ஒரு கல்யாணம். ஒன்பது நாள் போய்விட்டு வந்து திறந்தால் பாக்கி 1,140. மூடி வைத்தேன். கடன் கொடுத்தவர் வீடு இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவோமே, அதுபோல அந்தச் செயலியை விரலால் தாண்டித் தாண்டி மூன்று மாதம் போயிற்று.

திரும்பி வந்ததற்கு வீரக்கதை எதுவும் இல்லை. புதிய எழுத்தை நிறுத்தினேன். பழையதில் நாளுக்கு நாற்பது மட்டும், அதுவும் கம்பெனி பஸ்ஸில். எல்லாம் அடைய ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குப் பிறகு ஒரு கணக்கை மாற்றிக்கொண்டேன். என் நல்ல நாளில் எத்தனை முடியும் என்று பார்த்து அளவு வைத்ததுதான் பிழை. மாதக் கடைசி, தணிக்கைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், வீட்டில் தண்ணீர் லாரி வரவில்லை, தலைவலி வேறு. அன்றைக்கு எத்தனை முடியும்? மூன்று. அப்படியானால் எல்லா நாளும் மூன்றுதான். உற்சாகம் பொங்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூன்றுதான். பொங்குகிற நாளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் உண்மையில் சிரமம்.

பஸ் போகும் வழியில் கெங்கேரி வரை பழைய எழுத்து, கெங்கேரி தாண்டினால் புதியது என்று வைத்திருக்கிறேன். நாயண்டஹள்ளி நெரிசலுக்கு நன்றி சொல்லும் ஒரே ஆள் பெங்களூரில் நானாகத்தான் இருப்பேன்.

முதல் முந்நூறு எழுத்துகள் இனிக்கும். மரம் இரண்டு நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு, மரத்தின் பக்கத்தில் மனிதன் இருந்தால் ஓய்வு. படக்கதை மாதிரி. அறுநூறுக்கு மேல் படம் நின்றுபோய், எல்லா எழுத்தும் ஒரே முகமாகத் தெரியும். கோயிலைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு, ஒலி 'ஜி'. அதன் இடப்பக்கம் கை வந்தால் பிடித்தல். சூரியன் வந்தால் நேரம். மாடு வந்தால் சிறப்பு. மனிதன் வந்தால் சாமுராய். சொல் வந்தால் கவிதை. வழிநடையைக் குறிக்கும் கோடுகள் வந்தால் காத்திருத்தல். பிடித்தலையும் காத்திருத்தலையும் நான் எத்தனை முறை மாற்றிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அந்தக் குழப்பத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் கன்னட எழுத்தைப் பள்ளியில் படித்தவர் இல்லை, பஸ் பலகையில் படித்தவர். சிவாஜிநகர் பலகையை முதலில் உருவமாகத்தான் அடையாளம் வைத்திருந்தாராம். ஒருநாள் ஜயநகர் பஸ் வந்து நின்றபோது கடைசி மூன்று எழுத்து அதே மாதிரி இருக்கிறதே என்று பார்த்திருக்கிறார். அப்புறம் ராஜாஜிநகரிலும் அதே மூன்று. 'ந-க-ர' கிடைத்துவிட்டது. அதைச் சொல்லும்போது இந்த வயதிலும் அவர் முகம் மலரும். ஓரிடத்தில் பார்த்த துண்டை இன்னோரிடத்தில் எதிர்பாராமல் சந்திக்கிற சந்தோஷம் அது. நான் அறிந்த உற்சாகம் அது ஒன்றுதான். அது படிப்புக்கு முன்னால் வராது, பின்னால்தான் வரும்.

எனக்கு அது ஒரு மழைநாளில் வந்தது. பெட்டியைத் திறக்க ஆணி பிடுங்கும் கம்பியோடு உதவியாளர் நின்றிருந்தார். 'கொஞ்சம் இருங்க' என்றேன். முத்திரையில் முதல் எழுத்தின் இடப்பக்கம் மரம். இரண்டாவதன் தலையில் மரம். மூன்றாவதன் இடப்பக்கம் மூன்று துளி நீர். கென்சா ஸுமி. பரிசோதனை முடிந்தது. ஆறு ஆண்டும் அதன் மேல் இரண்டு ஆண்டும் என் சொந்த வேலையின் பெயரையே படிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்தத் தெம்பில் டிசம்பர் மாத முதல் ஞாயிறு மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையை எழுதினேன். 180க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மூன்று பகுதியிலும் 60க்கு 19ஆவது எடுக்க வேண்டும். மொத்தம் 98 வாங்கினேன். படித்து உணரும் பகுதியில் 17. போயிற்று. எழுத்தைத் தனித்தனியாகப் பொறுக்கிக் குவித்தேனே தவிர, வாக்கியத்தில் வைத்துப் படிக்கவில்லை. பிறப்பு என்ற எழுத்து 'சென்செய்' என்ற ஆசிரியரில் செய் என்று ஒலிக்கிறது, பச்சை மீனுக்கு முன்னால் நமா என்று ஒலிக்கிறது, இன்னும் நாலைந்து ஒலி உண்டு. சொல்லோடு பார்க்காமல் அது வசப்படாது. இதைப் பற்றி எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பானியப் பொறியாளரிடம் புலம்பினேன். அவர் அப்போது தமிழ் எழுத்து பழகிக்கொண்டிருந்தார். கடல், தங்கம், மகன் என்று மூன்று சொற்களை எழுதி, மூன்றிலும் உள்ள ககரத்தைச் சுற்றி வட்டமிட்டுக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் தேறினேன். இப்போது எண்ணிக்கை 1,500ஐத் தொட்டிருக்கிறது. காத்திருத்தலும் பிடித்தலும் இன்னும் சில நாள் இடம் மாறிக்கொள்கின்றன.

இன்று காலை பாக்கி 63. நிலையத்து வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் 41 முடித்தேன். மீதி 22, திரும்பிப் போகும் வழியில்.

வணக்கம்.