சாவி திரும்பும் சத்தம்

அவையோருக்கு வணக்கம்.

குடும்ப நீதிமன்ற வழக்குகளில் நான் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்ட வாதம் ஒன்று உண்டு: "மனைவியைத்தான் அடித்தார், பிள்ளை மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை." அவர் நல்ல தகப்பன் என்பதற்கு அதையே சான்றாக வைப்பார்கள்.

அப்படி ஒரு வழக்கில் ஏழு வயதுச் சிறுமியிடம் பேசினேன். வாசலில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே, அப்பா எந்த மனநிலையில் வருகிறார் என்று அவளுக்குத் தெரியுமாம். வேகமாகத் திரும்பினால் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, அவன் காதுகளைப் பொத்திக்கொள்வாளாம். அவள் காதுகளைப் பொத்த யாரும் இல்லை.

இந்தக் குழந்தையை வெறும் சாட்சி என்று எப்படிச் சொல்வது? பிறர் கொடுமைப்படுத்தப்படுவதைப் பார்ப்பதாலோ கேட்பதாலோ குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பும் 'தீங்கு'தான் என்று இங்கிலாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2021இல் வந்த சட்டம் அத்தகைய குழந்தையையே பாதிக்கப்பட்டவராகக் கருதியது. எவ்வளவு தாமதம்!

பெற்றோர் பிரிந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. இருவரோடும் உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. அந்த 9ஆம் பிரிவை மேற்கோள் காட்டுவோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் நலனுக்கு முரணாக இருந்தால் அந்த உரிமை பொருந்தாது என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் தெளிவு. புகாருக்கு உள்ளானவர் வந்து சந்திப்பது குழந்தைக்குத் தீங்காகலாம் என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) கருதினால், அதை அவர் மறுத்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. ஆகவே, வன்முறைப் புகாரை விசாரிக்காமல் சந்திப்பு நாளைக் குறிப்பதை நான் ஏற்க மாட்டேன். புகார் சொன்ன தாயையே 'பிள்ளையைத் தகப்பனிடமிருந்து பிரிக்கிறாள்' என்று குற்றம்சாட்டுவது அதைவிடக் கொடுமை.

குழந்தையைக் கேட்க வேண்டும். அதற்கு அதே உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தச் சுமையைப் பிஞ்சுத் தோளில் ஏற்றக் கூடாது. நான் சொன்ன சிறுமியிடம் நீதிபதி கேட்டது வேறு: "ராத்திரி எப்போது தூங்குவாய்?"

"எல்லோரும் தூங்கிய பிறகு."

அப்பாவை மேற்பார்வையாளர் முன்னிலையில் பகலில் மட்டும் சந்திக்கலாம், இரவு தங்கக் கூடாது என்று அன்று மாலையே உத்தரவு வந்தது.