கார் சேசிஸ்: ரெடிமேடா, சொந்த வெல்டிங்கா? பதில் இந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கு!

[திரையில்: மேசை மேல் ஒரு தீப்பெட்டி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

வணக்கம் நண்பர்களே. காரின் சேசிஸை, அதாவது இன்ஜின், சக்கரம் எல்லாவற்றையும் தாங்கும் சட்டக்கூட்டை, ரெடிமேடாக வாங்கலாமா, நாமே பைப் வெட்டி வெல்டிங் அடித்துச் செய்யலாமா? இந்தத் தீப்பெட்டியை வைத்தே முடிவு பண்ணிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதை. இதைக் கேட்டபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

1957. பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 'லோட்டஸ் செவன்' என்று ஒரு சின்னக் காரைக் கொண்டு வருகிறார். இரண்டு சீட், மேலே திறந்த உடம்பு, எடை அரை டன் அளவுதான். அங்கே அப்போது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: எப்படிப் பூட்டுவது என்று எழுதிய தாளைக் கூடத் தரக்கூடாது. சரி, லோட்டஸ் என்ன செய்தது தெரியுமா? எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கொடுத்தது! அதைக் கடைசி வரியில் தொடங்கி மேலே மேலே படித்துக்கொண்டு போனால் கார் தயார்.

மீதி வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-ல் அந்த வரி போய் வாட் என்ற வரி வந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், வெறும் 250 பவுண்டில் இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே செய்யலாம் என்று அட்டையிலேயே போட்டு ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் கார் ஒன்றைப் பிடி, இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் கழற்று, சேசிஸை மட்டும் நீயே செய். இதுதான் அவர் வழி. அந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்றே பெயர் வந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய விவாதம்தான் இது.

[திரையில்: தீப்பெட்டியின் உள் தட்டை வெளியே இழுக்கும் கை.]

இப்போது தீப்பெட்டி. வீட்டில் இருந்தால் நீங்களும் எடுங்கள், வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் எடுத்து வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

உள் தட்டை மட்டும் தனியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி லேசாக முறுக்குங்கள். எவ்வளவு சுலபமாக முறுக்கிக்கொள்கிறது பார்த்தீர்களா? இப்போது அதே தட்டை வெளி உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்குங்கள். அசையாது. மேலே ஒரு மூடி வந்து நான்கு பக்கமும் அடைபட்டதும் அதே மெல்லிய அட்டைக்கு அப்படி ஒரு பலம்.

இன்னொன்று. நான்கு ஈர்க்குச்சியைச் சதுரமாக வைத்து மூலைக்கு மூலை நூல் கட்டுங்கள். ஓரத்தில் ஒரு தள்ளு தள்ளினால் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் கட்டிப் பாருங்கள், குச்சி ஒடிந்தால்தான் உண்டு, சாயவே சாயாது. வயலுக்கு நடுவே நிற்கும் கரண்ட் டவர் முழுக்க முக்கோணமாக இருப்பது இதனால்தான்.

இப்போது காருக்கு வாருங்கள். லோகாஸ்ட் சேசிஸ் என்பது 25 மில்லிமீட்டர் சதுர இரும்பு பைப்புகளால் ஆன ஒரு கூடு. பைப்பின் தகடு 1.6 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எல்லாப் பக்கமும் முக்கோணம் போட்டு அடைத்துவிட்டால் அந்தத் தீப்பெட்டி மாதிரி முறுக்கவே முடியாது. ஆனால் அடைக்க முடியாதே! இன்ஜினை மேல் வழியாக இறக்க வேண்டும், அதனால் முன்பக்கம் திறந்திருக்கிறது. நாம் உள்ளே உட்கார வேண்டும், அதனால் நடுப்பக்கமும் திறந்திருக்கிறது. மூடி இல்லாத தட்டு!

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு நல்ல சேசிஸைச் செய்கிறவரின் திறமை முழுக்க, அந்த இரண்டு ஓட்டைகளால் போன பலத்தை எப்படித் திரும்பக் கொண்டு வருகிறார் என்பதில் இருக்கிறது. இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடுகிற சுரங்கத்தை நான்கு பக்கமும் அடைத்துவிட்டால், பெரிய தட்டுக்குள் ஒரு குட்டித் தீப்பெட்டி கிடைக்கிறது. அடியில் தகட்டை வைத்து நெருக்க நெருக்கமாக ரிவெட் அடித்தால் தரையும் சேர்ந்து தாங்குகிறது. புத்தகத்தில் இருந்த அந்த முதல் வரைபடத்தில் இன்ஜின் பகுதியில் குறுக்குப் பைப்புகள் போதாது என்று ஆஸ்திரேலியாவில் சிலர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, எங்கெங்கே சேர்க்க வேண்டும் என்று திருத்தமே கொடுத்தார்கள்.

முறுக்கினால் என்ன ஆகும்? ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்க வேண்டும். சேசிஸ் தொளதொளவென்று இருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து சேசிஸும் முறுக்கிக்கொள்ளும். அதாவது சேசிஸே இன்னொரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் கிடையாது! அப்புறம் நீங்கள் எவ்வளவு விலைக்கு நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கிப் பூட்டினாலும் வளைவில் அந்தக் கார் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் ரெடிமேட் சேசிஸ் விற்பவரிடம் போனால் முதலில் பெயிண்டைப் பார்க்காதீர்கள். இன்ஜின் பகுதியிலும் சுரங்கத்திலும் குறுக்குப் பைப் எங்கே என்று பாருங்கள்.

[திரையில்: கராஜ். தட்டையான பலகை மேல் பாதி முடிந்த சேசிஸ்.]

சரி, வெல்டிங்குக்கு வருவோம். இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் நானே ஒரு சேசிஸ் செய்யத் தொடங்கினேன். கனமான பலகையை ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, அதன் மேல் முழு அளவில் கோடு போட்டு, பைப்பை வெட்டி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்று. புள்ளி புள்ளியாக டாக், அதாவது சின்னச் சின்னத் தற்காலிக வெல்டிங், வைத்துவிட்டு மறுபடி பிடித்தேன், அப்போதும் ஒன்று. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பக்கத்தை முழுவதும் முழு வெல்டிங் அடித்துவிட்டேன். காலையில் போய் அளந்தால் ஒரு குறுக்களவு ஐந்து மில்லிமீட்டர் கூடுதல்.

வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கும், சுருங்கும்போது பைப்பைத் தன் பக்கம் இழுக்கும். இங்கே கொஞ்சம், எதிர்ப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி அடித்திருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது சமன் செய்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஆர்வம் முந்திக்கொண்டது.

ஐந்து மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முன் சக்கரம் ஒன்றுக்கு, அதைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கை, கீழ்க் கை இரண்டையும் பிடிக்க நான்கு இடம், ஷாக் அப்சார்பருக்கு ஒன்று, ஆக ஐந்து. இரண்டு சக்கரத்துக்கும் பத்து. பின்னால் எஸ்கார்ட் ஆக்சிலைப் பிடிக்க நான்கு கம்பி, பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒன்று, ஷாக் அப்சார்பர் இரண்டு. இந்தப் பதினேழு இடங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சேசிஸின் மொத்த வேலையே இவற்றைப் பிடித்து வைப்பதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் 'ஜிக்' என்ற கனமான இரும்புப் பிடிச்சட்டத்தில் பைப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெல்டிங் அடிக்கிறார்கள். நாம் ரெடிமேட் சேசிஸுக்குக் கொடுக்கும் காசு வெறும் இரும்புக்கு மட்டும் இல்லை, அந்த ஜிக்குக்கும்தான்.

அதனால் காசு மிச்சம் என்பதற்காகச் சொந்தமாகச் செய்யாதீர்கள், இது என் உறுதியான கருத்து. பைப் மலிவுதான். ஆனால் மிக் (MIG) வெல்டிங் மெஷின், கிரைண்டர், கேஸ், முகமூடி எல்லாம் புதிதாக வாங்கினால் அந்த மிச்சம் கரைந்துவிடும். இதெல்லாம் ஏற்கெனவே கையில் இருந்து, கையும் பழகியிருந்தால் கணக்கு வேறு.

சொந்தமாகச் செய்ய எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் கால்! சிரிக்காதீர்கள். புத்தக அளவு சேசிஸில் பெடல் பகுதி மிகக் குறுகல், அகலமான ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மாட்டும். உயரமானவர்களுக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். அதற்காகவே '442' என்று ஒரு வரைபடம் உண்டு: நான்கு அங்குலம் அகலம் கூட்டி, நான்கு அங்குலம் நீளம் கூட்டி, இரண்டு அங்குலம் உயரம் கூட்டியது. அதுபோல, கையில் இருக்கிற இன்ஜின் எந்த ரெடிமேட் சேசிஸிலும் உட்காராது என்றாலும் நாமே செய்வதுதான் வழி.

[திரையில்: பழைய டென்னிஸ் பந்தை விடக் கொஞ்சம் பெரிய ஒரு உருண்டை.]

இந்த உருண்டையைப் பாருங்கள், விட்டம் 100 மில்லிமீட்டர். பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர 'ஐவிஏ' என்ற சோதனையில் தேற வேண்டும். 2009 முதல் அதுதான் நடைமுறை. காரின் வெளிப்பக்கத்தில் இந்த உருண்டை தொடுகிற இடத்தில் விளிம்பு 2.5 மில்லிமீட்டர் அளவுக்காவது வளைந்து மழுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபெயில். ஒரு போல்ட்டின் தலைகூட! அதற்குத்தான் இந்தக் கார்களில் நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி. சேசிஸ் வாங்கினாலும் செய்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்தியாவில் செய்யலாமா என்று கமெண்டில் நிறையப் பேர் கேட்கப் போகிறீர்கள். ரோட்டில் ஓட்ட, இங்கே இருப்பது போல ஒற்றைக் காருக்கான எளிய வழி அங்கே இல்லை. ஆனால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் சேசிஸ் உட்பட முழுக் காரையும் தாங்களே செய்து கொண்டு வருகிறார்கள். இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரியில் டீம் இருக்கிறதா என்று நாளைக்கே விசாரியுங்கள்.

[திரையில்: கராஜ். சக்கரங்களோடு நிற்கும் சேசிஸ்.]

நான் கடைசியில் ரெடிமேட் சேசிஸ்தான் வாங்கினேன். இதோ நிற்கிறது. வந்த அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், குறுக்களவு இரண்டும் ஒன்று. அந்தப் பலகையைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அதன் மேல் இந்தக் காருக்கான முன் கைகளை நானே வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை மாறி மாறி. அடுத்த வீடியோவில் அளந்து காட்டுகிறேன். அதுவரைக்கும் உங்கள் உயரத்தையும் ஷூ சைஸையும் கமெண்டில் போடுங்கள், எந்த அளவு சேசிஸ் உங்களுக்குச் சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.