காற்று என்று சொல்ல முடியாத காற்று
(வேலூரில் அறிவியல் ஆர்வலர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாத அளவுக்கு மெல்லிய வாயு உறைகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. எஸ்.ஏ.ஓ. 186800 என்பது அந்த விண்மீனின் பட்டியல் எண். அந்த மறைப்பை ஜாவாத் தீவின் லெம்பாங்கிலிருந்தும், நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் அளந்தார்கள். காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த ஆண்டுதான் வந்து இறங்கியிருந்தது. அன்றைக்கு அந்த மலை வட ஆற்காடு மாவட்டம், பிறகு வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர்.

அளந்தவர்களுக்குக் கிடைத்த விடை, கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு, தரையில் அதன் அழுத்தம் ஒரு மைக்ரோபார் அளவு இருக்கும் என்பது. நம் தரைமட்டக் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அருகே போய்ப் புற ஊதாக் கதிரில் பார்த்தது. அந்த மதிப்பீட்டில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி 130.4, 135.6 நானோமீட்டரில் ஆக்சிஜனின் மங்கலான ஒளிர்வைக் கண்டது. ஆக, வாயு இருக்கிறது என்பது சரி. எவ்வளவு என்பதில்தான் பிசகு.

இந்தப் பிசகு எப்படி நேரக்கூடும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாயுவே இல்லாத கோள் மறைத்தால் விண்மீனின் ஒளி சட்டென்று விழும். வாயு இருந்தால் ஒளி வளையும், சரிவு நிதானமாக இருக்கும். ஆனால் வெறும் பாறை விளிம்பிலும் ஒளி விளிம்பு விளைவால் சிதறும். வியாழன் இருக்கும் தொலைவில் அந்தச் சிதறலின் அகலம் அரைக் கிலோமீட்டரை ஒட்டி வரும். அதோடு நம் காற்றின் மினுக்கல் வேறு. கானிமீடின் சொந்த ஒளியும் விண்மீனின் ஒளியும் ஒன்றாகவே கருவியில் விழுவது வேறு. கண்ணுறு ஒளியில் செய்யும் மறைப்பு அளவீடு உணரக்கூடிய கடைசி எல்லையே சுமார் ஒரு மைக்ரோபார்தான். எல்லையில் கிடைக்கிற எண்ணை எப்போதும் ஐயத்தோடு கையாள வேண்டும். புற ஊதாவில் மூலக்கூறுகள் ஒளியைப் பல மடங்கு வலுவாக விழுங்குவதால்தான் வாயேஜரால் அதைவிடக் கீழே இறங்கி அளக்க முடிந்தது.

கானிமீடில் இருப்பதைப் பள்ளிப் பாடத்தில் வெளியடுக்கு என்று படித்திருப்பீர்கள். இதை வெறுமனே 'மிக மெல்லிய காற்று' என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இந்த அரங்கத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2.5×10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஒரு மூலக்கூறு போகும் தூரம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலவின் இரவுப் பக்கத்தில் அதே கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 2 லட்சம் அணுக்கள்தான். அங்கே மோதலிடைத் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதற்குள் அணு தரையில் விழுந்துவிடும், அல்லது தப்பி ஓடிவிடும். ஒவ்வொன்றும் மேலே எறிந்த கல்லைப் போலத் தன் பாதையில் தனியே போய்வருகிறது. காற்று வீசுவது, ஒலி பரவுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பூமியில் இந்த நிலை சுமார் 500 முதல் 1000 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. சூரியன் கொதிப்பாக இருக்கும் ஆண்டுகளில் அந்த எல்லை மேலே போகும். நிலவிலும் புதனிலும் அது தரையிலேயே தொடங்கிவிடுகிறது.

தப்பி ஓடுவது யார் என்பதற்குக் கணக்கு எளிது. 500 கிலோமீட்டர் உயரத்தில் விடுபடு வேகம் நொடிக்கு 10.8 கி.மீ. வெப்பநிலை 1000 கெல்வின் என்றால் ஹைட்ரஜன் அணுவின் பெரும்பான்மை வேகம் நொடிக்கு 4 கி.மீ., ஆக்சிஜன் அணுவுக்கு 1 கி.மீ. ஹைட்ரஜனில் வேகமான ஒரு சிறு பங்கு எப்போதும் எல்லையைத் தாண்டும். ஆக்சிஜனுக்கு வெப்பத்தால் மட்டும் அந்த வழி கிடையாது. இந்த வழியும் பிற வழிகளும் சேர்ந்து பூமி நொடிக்கு ஏறக்குறைய 3 கிலோ ஹைட்ரஜனை இழக்கிறது. வெளியே பரவும் இந்த ஹைட்ரஜன் மேகம் 6,30,000 கி.மீ. வரை நீள்வது 2019-இல் வெளியான சோஹோ விண்கலத் தரவு ஆய்வில் தெரியவந்தது. நிலவு சுற்றுவதே அதற்குள்தான்!

நிலவுக்கு வருவோம். 1972 டிசம்பரில் அப்போலோ 17 ஒரு நிறை நிறமாலைமானியை, அதாவது வாயுத் துகள்களை எடையை வைத்துப் பிரித்தறியும் கருவியை, தரையில் வைத்துவிட்டு வந்தது. பகலில் அது அநேகமாகப் பயன்படவில்லை: வெயில் ஏறியதும் இறங்குகலமும் அங்கே விட்டுவந்த கருவிகளும் விட்ட வாயு, நிலவின் சொந்த வாயுவை மூழ்கடித்துவிட்டது. நிலவின் வாயு மொத்தமே சில பத்து டன்னுக்குள். ஓர் அப்போலோ கலம் இறங்கி ஏறும்போது கக்கிய புகையே பல டன். எனவே நம்பத்தக்க அளவீடுகள் இரவில் கிடைத்தவை. அவற்றில் அழகானது ஆர்கான்-40. பாறையிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்து அது பிறக்கிறது, இரவின் கடுங்குளிரில் தரையில் ஒட்டிக்கொள்கிறது, விடியல் நெருங்கும்போது விடுபட்டு எழுகிறது. சந்திரயான்-2-இன் சேஸ்-2 கருவி இதே ஆர்கானைச் சுற்றுப்பாதையிலிருந்து அளந்தது. கானிமீடின் ஆக்சிஜனுக்குப் பிறப்பிடம் வேறு: வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் துகள்கள் பனியைத் தாக்கி உடைக்கின்றன, ஹைட்ரஜன் ஓடிவிடுகிறது, ஆக்சிஜன் தங்குகிறது. இந்த அடுக்குகளில் எதுவும் சேமிப்பு இல்லை. வரவும் செலவும் ஓயாமல் நடக்கின்றன. அதனால் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

இவற்றில் நம் ஊர்க்காரர்கள் தாங்களே படம் பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு: புதனின் சோடியம் வால். தரையிலிருந்து எழும் சோடியம் அணுக்களைச் சூரிய ஒளியே பின்னால் தள்ளுகிறது. சூரிய நிறமாலையில் 589 நானோமீட்டரில் கருங்கோடு இருப்பதால், புதன் சூரியனை நோக்கியோ விலகியோ நகராத நேரத்தில் அணுக்களுக்கு ஒளி குறைவாகவே கிடைக்கும். நொடிக்கு 10 கி.மீ. வரை நகரும்போது டாப்ளர் விலக்கத்தால், அதாவது நகர்வால் ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவதால், கருங்கோட்டிலிருந்து நகர்ந்து, பிரகாசமான ஒளியைப் பெறும். அதனால்தான் புதன் சூரியனுக்கு மிக அருகே வந்து சுமார் 16 நாள் கழித்து வால் நன்றாகத் தெரிகிறது.

தேவையானவை: 589 நானோமீட்டரை மையமாகக் கொண்ட, 10 நானோமீட்டர் அகல வடிகட்டி, விண்மீனைத் தொடரும் தாங்கி, 100 மி.மீ.க்கு ஒட்டிய வேகமான லென்ஸ். அரை நிமிடப் படங்கள் பல எடுத்து அடுக்கிக் கூட்டுங்கள். நமக்கு ஏற்றது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாலைகள்: புதன் அடிவானத்துக்குச் செங்குத்தாக நிற்கும், வானமும் தெளிவாக இருக்கும். விடியற்காலையில் அதே வசதி செப்டம்பர், அக்டோபரில்தான்; அப்போது மழை மேகம் விடாது.

கெடுப்பவை மூன்று. அந்தி வெளிச்சம் முதலாவது. அடுத்தது, இன்னும் சோடியம் விளக்கு எரியும் தெருக்கள்: வடிகட்டி அந்த மஞ்சளையும் அப்படியே உள்ளே விடும். ஜவ்வாது மலைமேல் நின்றாலும் மேற்கு-வடமேற்கில் ஆலங்காயம், வாணியம்பாடிப் பக்கத்து வெளிச்சம் புதன் மறையும் திசைக்கு நெருக்கமாக இருப்பதால், அதை மறைக்கும் குன்றின் நிழல் பார்த்து இடம் பிடியுங்கள். மூன்றாவது, நம் தலைக்கு மேலே 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் பூமியின் சொந்த சோடியம் அடுக்கு. அதுவும் 589-லேயே ஒளிரும். புதன் மறைந்த பின் அதே வானப் பகுதியை அதே அமைப்பில் இன்னொரு தொகுதி எடுத்து, முதல் தொகுதியிலிருந்து கழித்தால் இந்த இடையூறுகளில் ஒரு பகுதி குறையும்; ஆனால் அதற்குள் அந்தி வெளிச்சம் மங்கிவிடுவதால் முழுவதும் நீங்காது.