அளக்க வந்த படி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

யூதர் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பாஸ்கு மேடையில். தவக்காலம் முடிகிற நேரத்தில் எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் பாஸ்கு, அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம், போடுவார்கள். இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷம் கட்டுபவர் இடுப்பில் ஒரு சுருக்குப்பை தொங்கும். முப்பது வெள்ளிக்காசுக்குப் பதிலாக அதில் சோடா மூடிகள். அவர் அதை எடுத்துக் குலுக்கினால் போதும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நாங்கள் ஓவென்று கத்துவோம். மேடையின் இன்னொரு பக்கத்தில் தாடி ஒட்டிய ஒரு கூட்டம் "சிலுவையில் அறையும்" என்று அலறும். அவர்கள்தான் யூதர்கள் என்று பாட்டி சொன்னாள்.

எங்கள் ஊரில் யூதர் என்று ஒருவரும் கிடையாது. பக்கம் என்றால் கொச்சிதான். ஆனாலும் யூதன் எப்படி இருப்பான், பையில் என்ன வைத்திருப்பான் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. இயேசுவும் யூதர்தான் என்பது தெரிய மேலும் பத்து வருஷம் ஆயிற்று.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, யூத வெறுப்பு எது, இஸ்ரேல் அரசின் மீதான விமர்சனம் எது என்று வரையறுக்கும் சண்டை. இங்கே இருப்பவர்களில் பலர் காஸாவைப் பார்த்து மனம் நொந்தவர்கள், நானும்தான். அதனால் "யூத வெறுப்பு என்பதே வாயை அடைக்கக் கண்டுபிடித்த சொல்" என்று நினைக்க நமக்கு ஆசையாக இருக்கும். அந்த ஆசைக்குக் கொஞ்சம் கடிவாளம் போடத்தான் சோடா மூடியில் ஆரம்பித்தேன்.

இன்னொரு வாதத்தையும் இப்போதே முடித்துவிடுகிறேன். "அரபிகளும் செமிட்டிக் இனம்தானே, அவர்கள் எப்படி ஆன்டிசெமிட்டிக் ஆக முடியும்?" என்று கேட்பார்கள். யூத வெறுப்புக்கு ஆங்கிலத்தில் ஆன்டிசெமிட்டிசம் என்று பெயர். 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்பவர் அந்தப் பெயரைத் தன் சங்கத்துக்கு வைத்தபோது அவர் மனதில் இருந்தது யூதர்கள் மட்டும். சொல்லின் வேரைத் தோண்டி இதில் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, வரையறை ஏன் வேண்டியிருந்தது? 2004 மார்ச்சில் ஹமாஸ் தலைவர் ஷேக் அகமது யாசினை இஸ்ரேல் கொன்றது. இரண்டு வாரம் கழித்து, கனடாவின் மான்ட்ரியலில் ஒரு யூதத் தொடக்கப்பள்ளியின் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். யாசின் கொலைக்குப் பழிவாங்கல் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். எரிந்தது பிள்ளைகள் படிக்கும் கதைப் புத்தகம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? வைத்தவன் கோபம் ஒரு அரசின் மேல், கொளுத்தியது மான்ட்ரியல் குழந்தைகளின் நூலகத்தை. யூதர்களைப் பற்றிய பழைய கட்டுக்கதை இருந்தால்தான் யூத வெறுப்பு என்று சொன்னால், இது நழுவிப் போய்விடும். பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சியான இன்டிஃபாடா தொடங்கிய பிறகு ஐரோப்பாவிலும் யூத ஜெபாலயங்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. நாட்டுக்கு நாடு ஒவ்வொரு விதமாக எண்ணினார்கள்.

எல்லாரும் ஒரே படியால் அளக்கட்டும் என்றுதான், வியன்னாவில் இருந்த ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பு மையம் 2005இல் யூத வெறுப்புக்கு ஒரு நடைமுறை வரையறையை வெளியிட்டது. அதை எழுதியதில் முக்கியப் பங்கு கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்கு. இவர் பெயரை மறக்க வேண்டாம், திரும்ப வருவார். 2016 மே 26 அன்று புக்கரெஸ்ட்டில் கூடிய சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டணி, சில்லறை மாற்றங்களுடன் அதையே ஏற்றுக்கொண்டது. இன்று ஐ.ஹெச்.ஆர்.ஏ. வரையறை என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேலே ஒரு கட்டத்துக்குள் வரையறை. இரண்டு மூன்று வரி, அதுவும் தெளிவில்லாத வரி. யூத வெறுப்பு என்பது யூதர்களைப் பற்றிய "ஒருவிதமான பார்வை", அது வெறுப்பாக "வெளிப்படலாம்" என்கிறது. கீழே 11 உதாரணங்கள். அதில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. அந்த அரசு செய்வதற்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்குவது ஓர் உதாரணம். மான்ட்ரியல் நூலகம் இதில் அடங்கும், அதில் எனக்குத் தகராறே இல்லை. ஆனால் இஸ்ரேல் என்ற அரசு இருப்பதே ஓர் இனவாத முயற்சி என்பது இன்னோர் உதாரணம். இஸ்ரேலின் கொள்கையை நாஜிகளோடு ஒப்பிடுவது மற்றொன்று.

உதாரணங்களுக்கு முன்னால் ஒரு வாசகம் இருக்கிறது: மொத்தச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், இவை யூத வெறுப்பாக இருக்கக்கூடும். வேறு எந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பதை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் போட்டிருக்கிறார்கள். "இருக்கக்கூடும்." நம் ஊர் பத்திரத்தில் இப்படி ஒரு சொல் இருந்தால் பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் எண்ணிக்கை எடுப்பவருக்கு அது போதும், சந்தேகமானதைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதே காகிதத்தை ஒரு கட்சியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடமோ கல்லூரி நிர்வாகத்திடமோ கொடுங்கள். முதலில் காணாமல் போவது அந்த "கூடும்"தான். அப்புறம் சூழல்.

பிரிட்டனில் இடதுசாரி லேபர் கட்சி இந்த வரையறையால் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2018 ஜூலையில் கட்சி தன் நடத்தை விதியை எழுதியபோது 11இல் 4 உதாரணங்களை அப்படியே சேர்க்கவில்லை. மூன்று யூதப் பத்திரிகைகள் ஒரே முதல் பக்கத்தை அச்சடித்து, அப்போதைய கட்சித் தலைவர் ஜெரெமி கார்பின் ஆட்சிக்கு வந்தால் இந்நாட்டு யூத வாழ்வுக்கே ஆபத்து என்று எழுதின. செப்டம்பர் 4 அன்று கட்சி பதினொன்றையும் ஏற்றது.

இங்கே நான் இடதுசாரிகள் பக்கம் நின்று பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பாதிதான் பேசுவேன். லண்டனின் கிழக்கே 2012இல் ஒரு சுவரோவியம் வரைந்தார்கள். பெரிய மூக்கு வைத்த பணக்காரக் கிழவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பணவிளையாட்டு ஆடுகிறார்கள். அந்த மேஜையைத் தாங்குவது குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகு. அதை அழிக்கப் போகிறார்கள் என்று ஓவியர் முகநூலில் எழுதியதும் ஜெரெமி கார்பின் "ஏன்?" என்று கேட்டு, மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் ஓவியத்தை அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் அழித்ததோடு ஒப்பிட்டு ஆறுதல் சொன்னார். 2018இல் அது வெளியே வந்தபோது, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். நான் நம்புகிறேன். பிரச்சினையும் அதுதான். முதலாளிகளைத்தானே வரைந்திருக்கிறார் என்று கண் தாண்டிப் போய்விட்டது. அந்தப் படத்தில் இஸ்ரேலே இல்லை, சுருக்குப்பை மட்டும்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை நடந்தது உதாரணப் பட்டியலைப் பற்றி. 2020 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் லேபர் கட்சி பற்றி அறிக்கை கொடுத்தபோது கைவைத்தது புகார்க் கோப்புகளில். பார்த்த 70 கோப்புகளில் 23இல் தலைவர் அலுவலகம் போன்ற, புகார்ப் பிரிவுக்கு வெளியே இருந்தவர்கள் தலையிட்டிருந்தார்கள். விசாரிப்பவருக்கு முறையான பயிற்சி இல்லை. வரையறையை ஏற்பது சுலபம், புகாரை உட்கார்ந்து விசாரிப்பதுதான் கஷ்டம்.

இப்போது ஸ்டெர்ன். 2017 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய், நான் எழுதியது கல்லூரிப் பேச்சைக் கட்டுப்படுத்த இல்லை, சட்டமாக்காதீர்கள் என்றார். கேட்கவில்லை. 2019 டிசம்பரில் டிரம்ப் கல்லூரிகள் தொடர்பான ஆணையில் அந்த வரையறையைச் சேர்த்தார். 2024 மே 1 அன்று பிரதிநிதிகள் சபை அதைச் சட்டமாக்க 320க்கு 91 என்று வாக்களித்தது. செனட்டைத் தாண்டவில்லை. அந்த 91இல் பேச்சுரிமைக் கவலை கொண்ட ஜெரி நாட்லர் போன்ற யூத உறுப்பினர்கள் உண்டு. தீவிர வலதுசாரியான மார்ஜரி டெய்லர் கிரீன் போன்றவர்களும் உண்டு. அந்த அம்மையாரின் கவலை வேறு. இயேசுவை யூதர்கள் கொன்றார்கள் என்பதும் உதாரணப் பட்டியலில் வருகிறதே, அப்படியானால் பைபிளைச் சொன்னாலே குற்றமா என்று கேட்டார். ஒட்டுமொத்த யூதர் மீதும் அந்தப் பழியைப் போடக்கூடாது என்று வத்திக்கான் 1965லேயே எழுதிவிட்டது. எங்கள் ஊர் மைதானத்துக்கும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெர்மனி கதை இன்னும் சோகம். 1948 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு கடிதம் போயிற்று. பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான மெனாகெம் பெகினின் ஹெருத் கட்சி, நாஜி, ஃபாசிசக் கட்சிகளுக்கு நெருங்கிய உறவு என்றது அந்தக் கடிதம். கையெழுத்திட்டவர்களில் ஐன்ஸ்டீன் ஒருவர், ஜெர்மனியில் பிறந்த யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் ஒருவர். 2023இல் ஜெர்மனியில் அதே அரெண்ட் பெயரிலான விருது எழுத்தாளர் மாஷா கெஸனுக்கு. கெஸன் யூதர். காஸாவை, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவோடு ஒப்பிட்டு எழுதியதால், விருதில் பங்கு வகித்த ஹைன்ரிஷ் போல் அறக்கட்டளை விலகிக்கொண்டது. விழா சின்ன இடத்துக்கு மாறியது. அரெண்டே உயிரோடு வந்திருந்தாலும் அரெண்ட் விருது வாங்க முடியாது போலிருக்கிறது. அந்த ஒப்பீட்டில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. உடன்பாடு இல்லாததை மறுத்து எழுதலாம், அதற்குத்தானே விருது மேடை.

ஐ.ஹெச்.ஆர்.ஏ. வரையறைக்கு மாற்றாக 2021 மார்ச்சில் இருநூறு அறிஞர்கள் சேர்ந்து ஜெருசலேம் பிரகடனத்தைக் கொண்டுவந்தார்கள். யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே பாகுபடுத்துவது, வெறுப்பது, தாக்குவது என்று அதில் வரையறை நேராக இருக்கிறது. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் இயக்கம் தன்னளவில் யூத வெறுப்பாகாது என்றும் சொல்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இதிலும் 15 வழிகாட்டிகள். நிர்வாகிகள் கையில் கிடைத்தால் இதையும் குச்சியாக்குவார்கள்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. "அப்படியானால் எதை வைத்துத்தான் அடையாளம் காண்பது, சார்?"

யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு இஸ்ரேல் மேல் கோபம் இல்லை. யூதர்கள் அகதிகளைக் கூட்டிவருகிறார்கள் என்ற வெறி. மறைவில் இருந்து உலகை ஆட்டுகிறவர்கள் என்ற அந்தப் பழைய கதை, ஒருவர் "சியோனிஸ்ட்" (யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்பவர்) என்று சொல்லும்போதும் உள்ளே ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். பல நேரம் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் நமக்கு வருவதிலேயே ஓடுகிறது.

மறுபக்கம் இதையும் பாருங்கள். 2018 ஜூலையில் இஸ்ரேல் தேசிய அரசுச் சட்டம் போட்டது. அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபி. 2021இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை 10க்கு 1 என்று உறுதி செய்தது. அந்த ஒருவர் ஜார்ஜ் கர்ரா, அரபு நீதிபதி. அவருடைய மறுப்புத் தீர்ப்பு அந்த அரசின் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் ஹார்வர்டு இரண்டு வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டபோது ஐ.ஹெச்.ஆர்.ஏ. வரையறையை உதாரணங்களோடு சேர்த்து ஒழுங்கு விதிக்குள் கொண்டுவந்தது. அங்கே ஒரு மாணவி எழுந்து, "குடிமக்களை இப்படிப் பிரிக்கும் அரசு இனவாத அரசு" என்று சொன்னால், அதைக் கேட்டு முடிவு சொல்ல வேண்டியவர் நீதிபதி இல்லை, ஒரு துறை அதிகாரி. அவர் மேஜையில் பட்டியல் இருக்கும். "கூடும்" என்ற சொல்லுக்கு அவர் கோடு போட்டு வைத்திருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.